ஒரே தொண்டை, இரண்டு கட்டுரை

அந்த ஊரில் அவள் முகத்தைத் தெரிந்தவர்களைவிடக் குரலைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, கழுத்து வளைந்த மைக், சிவப்புப் பொத்தான், சுவரில் வண்டிகளின் நேர அட்டவணை. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது இன்றைக்கு வராது, அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிற குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரிய வேண்டும். நிலையத்தில் அவளுக்கு ‘மைக் அக்கா’ என்று பெயர். அவளைவிட வயதில் மூத்த காவலாளிக்கும் அவள் அக்காதான்.

அந்த வேலைக்கென்று வந்தவள் இல்லை அவள். டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தாள். ஒரு நாள் பழைய அறிவிப்பாளர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, மேலாளர் கைக்குக் கிடைத்தவளைப் பிடித்து மைக் முன்னால் உட்கார வைத்தார். அவள் கத்தவில்லை, இழுக்கவில்லை. ஒரு தடவை சொன்னாள், திருத்தமாகச் சொன்னாள். தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு சரியான நடைமேடைக்குப் போய் நின்றார்கள். மேலாளர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, இது யார் குரல் என்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதோடு கவுன்ட்டருக்கும் அவளுக்கும் இருந்த உறவு முடிந்தது.

நகரப் பேருந்து ஓட்டுகிறவர் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். தன் வண்டி நம்பரை அவ்வளவு மரியாதையாக வேறு யாரும் சொன்னதில்லை என்பதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். பிறந்தது இரட்டைப் பிள்ளைகள். முதலில் பெண், சில நிமிடங்கள் கழித்துப் பையன். அந்தச் சில நிமிடங்களை வைத்துக்கொண்டு மகள் காலம் முழுக்க மூத்தவள் உரிமை கொண்டாடினாள். அவனோ ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் அவளை அக்கா என்று கூப்பிடுவான்.

பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவள் குரல் உடைய ஆரம்பித்தது. முதலில் மாலையில் மட்டும் கரகரத்தது, பிறகு காலையிலும். குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி என்றார் மருத்துவர். பயப்படும்படியான கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு சில மாதங்களுக்கு வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுப்பது பேசுவதைவிடக் கெடுதல் என்று தனியாக எச்சரித்து அனுப்பினார்.

அந்த மாதங்களில் வீடு கைதட்டலில் ஓடியது. ஒரு தட்டு என்றால் மகள், இரண்டு என்றால் மகன், பாத்திர மூடியில் கரண்டியால் அடித்தால் புருஷன். நான்கு மாதம் கழித்துக் குரல் திரும்பி வந்தது. ஆனால் பழைய குரல் வரவில்லை. மணல் கலந்த மாதிரி ஒன்று வந்தது. அதுவும் சாயங்காலம் ஆனால் தேய்ந்துவிடும். கொஞ்சம் கோபப்பட்டால் போதும், பாதி வாக்கியத்தில் காற்று மட்டும்தான் மிஞ்சும். அதற்குள் நிலையத்தில் பதிவு செய்த குரல் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அது நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாது, நிறுத்தக் கூடாத இடத்தில் மூச்சு வாங்கும். ஜனங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாவதாகக் காவலாளியைக் கேட்டார்கள். அவளைத் தவறிய பொருள் அறைக்கு மாற்றினார்கள். ஜனங்கள் வண்டியில் மறந்துவிட்டுப் போன குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள். மைக் அக்கா என்ற பெயர் மட்டும் மாறவில்லை. அது அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளைகள் பள்ளி இறுதி வகுப்புக்கு வந்த வருடம் கதை ஆரம்பித்தது. இரண்டு பேரும் நன்றாகப் படிக்கிறவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஆசை, அந்தப் பெரிய பல்கலைக்கழகம். நூறு பேர் கேட்டால் நாலைந்து பேருக்குத்தான் இடம் தருவார்கள். மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கும், அதனால் அவர்கள் அதை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு கட்டுரை கேட்பார்கள். ‘உங்களை மாற்றிய ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்பது அந்த வருடக் கேள்வி.

பதினேழு வயதில் மாறுவதற்கு என்ன இருக்கிறது? பள்ளியில் இதற்கென்றே ஒரு வழிகாட்டி ஆசிரியை இருந்தார். நல்ல மனுஷி, உழைப்பாளி. பெரிய வார்த்தைகள் வேண்டாம் என்பார். பொறுப்பானவள் என்று எழுதாதே, பொறுப்பாக நடந்துகொண்ட ஒரு காலைப்பொழுதைக் காட்டு என்பார். முதல் வரியிலேயே படிக்கிறவர் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பார். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் பிள்ளைகள் காதில் விழுந்ததென்னவோ சோகமாக ஏதாவது வேண்டும் என்பதுதான். அந்த மாதம் வகுப்பில் பாதிப் பேருடைய தாத்தாக்கள் கட்டுரைகளில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் திரியைக் கொளுத்திப் போட்டவன் மைக் அக்காவின் தம்பி, பிள்ளைகளுக்கு மாமா. இன்ஷூரன்ஸ் விற்கிறவன், யார் வீட்டுத் துக்கமும் அவன் கண்ணில் படாமல் போகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வந்தவன், எழுத ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் புலம்புவதைக் கேட்டுவிட்டு, “கையில வெண்ணெய வச்சுக்கிட்டு எதுக்கு அலையுறீங்க? உங்கம்மா தொண்டை இருக்குல்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவள் அடுப்படியில் இருந்தாள். கேட்டது. தம்பி எப்போதும் பேசுகிற பேச்சுதானே என்று விட்டுவிட்டாள்.

சில வாரம் கழித்து ஆசிரியை அவளைப் பள்ளிக்கு வரச் சொன்னார். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனாள். பழைய வரைபடங்கள் சுருட்டி வைத்த ஓர் அறையில் ஆசிரியையின் மேசை. மேசையில் இரண்டு கட்டுரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

சிக்கல் இதுதான் என்றார் ஆசிரியை. இரண்டு பிள்ளைகளும் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார்கள். ஒரே வீட்டு முகவரி, ஒரே பிறந்த தேதி, ஒரே அம்மா. தேர்வுக் குழுவில் ஒரே ஆள் இரண்டையும் படித்தால் இரண்டும் போச்சு. ஒருவர் மாற்றித்தான் ஆக வேண்டும். தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவாக நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும்.

அவள் படித்தாள். மகளுடைய முதல் வரி: ‘என் அம்மா பேசுவதை நிறுத்திய நாளில் நான் பேசக் கற்றுக்கொண்டேன்.’ அதற்குப் பக்கத்தில் ஆசிரியை பச்சை மையால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். கீழே, வீட்டையே மகள் தோளில் சுமந்திருந்தாள். சமையலறையில் அம்மா சத்தமில்லாமல் அழுவதைக் கதவோரம் நின்று பார்த்திருந்தாள். மகன் இன்னும் தாராளம். ‘எங்கள் வீட்டில் ஒரு வருடம் மழை பெய்யவில்லை, அம்மாவின் கண்களில் மட்டும் பெய்தது’ என்று ஆரம்பித்து, தினமும் மாலையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக் காட்டியதாக முடித்திருந்தான். செய்தித்தாள் படித்தது உண்மைதான். ஒரு தடவை. அதுவும் விளையாட்டுப் பக்கம்.

இரண்டிலும் ஒரு பெண் இருந்தாள். படுத்திருந்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அழுதாள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பெண்ணைத் தெரியவில்லை.

“ஒரு வருஷம் இல்ல டீச்சர். நாலு மாசம்” என்றாள்.

ஆசிரியை சிரித்தார். அது ஒரு நடைக்காக எழுதியது என்றார். எந்தக் கட்டுரை உண்மையாகப் பட்டது என்று கேட்டார். இரண்டுமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது, காற்றுதான் வந்தது. ஆசிரியை சட்டென்று தண்ணீர் டம்ளரை நகர்த்திவைத்து, கஷ்டமாக இருந்தால் பேச வேண்டாம் என்று சைகை காட்டினார். கோபத்தில் அடைத்த தொண்டை அது. துக்கத்தில் அடைத்ததாக அவர் நினைத்துக்கொண்டார். இனி அதை எப்படித் திருத்துவது?

அன்று சாயங்காலம் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. பிரிக்க வேண்டிய சொத்து அவள்தான். நான்தான் சமைத்தேன் என்றாள் மகள். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தது நான்தான் என்றான் மகன். வந்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தாய் என்றாள் மகள். நீ சமைத்ததை யார் சாப்பிட்டது என்றான் மகன். அவளுடைய புருஷன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆப்பரேஷனுக்கு முன்னால் வரைக்கும் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் எழுதினால் என்ன என்று கேட்டார். அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

அவள் மேசையை ஒரு தட்டு தட்டினாள். பேச்சு நின்றது.

“நான் எப்போடி அழுதேன்?” என்று மகளைக் கேட்டாள்.

“சமையலறையில. தலையில துண்டு போட்டுக்கிட்டு. நான் பாத்தேன்மா.”

“ஆவி பிடிச்சேன்டி. டாக்டர் சொன்னார்ல.”

“எனக்கு அழுற மாதிரிதான் தெரிஞ்சுது” என்றாள் மகள். அவள் பொய் சொல்லவில்லை என்று தாய்க்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அந்தக் காட்சியை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போதுதான் மகன் அந்தக் கேள்வியைக் கேட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “சரிம்மா, அப்போ நிஜமா உனக்கு எப்படி இருந்துச்சு?” என்றான். மகளும் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு பேர் முகத்திலும் அவ்வளவு அக்கறை.

மூன்று வருடம் கழித்துக் கேட்கிறார்கள். பல்கலைக்கழகம் கேட்டதால் கேட்கிறார்கள். ஆனாலும் கேட்டுவிட்டார்களே என்று சொன்னாள். துக்கமெல்லாம் இல்லை, கடுப்புதான் என்றாள். பேச முடியாது என்றால் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் கத்திக் கத்திப் பேசினார்கள். கடைக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்து இவங்களுக்கு என்ன வேணும் என்றார்கள். வீட்டில் நான் கைதட்டினால் ஓடி வந்தீர்கள், குரலோடு இருந்தபோது கூப்பிட்டால் ஒருத்தரும் வந்ததில்லை. சில நாள் பேச வேண்டியதில்லை என்பதே நிம்மதியாக இருந்தது. மைக் போனதுதான் கஷ்டம். அதுவும் அந்த மிஷின் தப்பும் தவறுமாகச் சொல்லும்போது உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் குரல் தேய்ந்துவிட்டது.

மகன் பேனாவை மூடினான். “இத வச்சு எழுத முடியாதும்மா. ரொம்பச் சின்னதா இருக்கு.”

அவள் எழுந்தாள். மிச்சமிருந்த குரலில், வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். “என் தொண்டைய யாரும் எழுதக் கூடாது. ரெண்டு பேருக்கும்தான்.” சொல்லிவிட்டுத் துணிகளை மடிக்கப் போய்விட்டாள். பழைய நாளில் மைக்கில் சொல்வது போல ஒரே தடவைதான் சொன்னாள். ஆனால் இதை ஏற்றுக்கொள்ள வீட்டில் ஒருவரும் தயாராக இல்லை. மகள் அழுதாள். மகன் கதவைச் சாத்திக்கொண்டான். புருஷன் பாவம், அடுத்த நாள் வண்டியிலிருந்து இறங்கி வந்ததும், பிள்ளைங்க எதிர்காலம், ஒரு கட்டுரைதானே, நமக்கு என்ன குறைஞ்சிடப் போகுது என்று தொடங்கினார். உங்களுடைய மூலநோயை எழுதச் சொல்லட்டுமா என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகன் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பள்ளி விட்டதும் அவள் வேலை செய்யும் அறைக்கு வந்து உட்கார்ந்தான். வீட்டில் அக்காவோடு உட்கார முடியவில்லை என்பதுதான் காரணம். அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் சாத்தி வைத்திருந்த ஓர் ஊன்றுகோலைக் கண்டான். இது எப்படிம்மா வந்தது என்று கேட்டான். வண்டியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், கேட்டு ஒருவரும் வரவில்லை என்றாள். அவனுக்கு அது பிடிபடவில்லை. குடையை மறக்கலாம், ஊன்றுகோலை மறந்துவிட்டு ஒரு மனுஷன் எப்படி இறங்கி நடந்து போயிருப்பான்? கால் சரியாகிவிட்டதா? யாராவது தாங்கிப் பிடித்துப் போனார்களா? வேறொருவருக்காக வாங்கிக்கொண்டு போனதா? வீட்டுக்குப் போனதும் நினைவு வந்திருக்காதா? கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். அவளுக்கும் பதில் தெரியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஆளுக்கொரு கதை கட்டிப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க அவன் வந்தான்.

அதைத்தான் எழுதினான். விடை தெரியாத ஒரு பொருளின் முன்னால் ஒரு பையன் உட்கார்ந்து யோசிக்கிறான், தான் யோசித்தது ஒவ்வொன்றையும் தானே தட்டிவிடுகிறான், கடைசியில் தெரியவில்லை என்கிறான். அதில் சிரிப்பு இருந்தது. அவன் பேசுகிற மாதிரியே இருந்தது. அவள் வாங்கிப் படித்துவிட்டு, இதுதான் நீ என்றாள். வாயால் அவ்வளவுதான் வந்தது. மனசுக்குள் பெருமை தாங்கவில்லை.

ஆசிரியைக்கும் பிடித்திருந்தது. ஆனால் கேள்வி மாற்றிய அனுபவத்தைக் கேட்கிறதே, நீ எங்கே மாறினாய் என்று கேட்டார். கடைசியில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். அவன் மாட்டேன் என்றான். பிறகு தேதி நெருங்க நெருங்கப் பயம் வந்து சேர்த்தான். ‘அந்த ஊன்றுகோல் எனக்குக் கற்றுத் தந்தது என்னவென்றால், வாழ்க்கையில் ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஊன்றுகோலாக இருக்க வேண்டும்.’ அவள் அதைப் படித்தபோது வாயில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. இது வேண்டாம்டா என்றாள். டீச்சருக்குத் தெரியாதாம்மா என்றான். அவளுக்கு என்ன தெரியும்? அவள் படித்தது பள்ளி இறுதி. வற்புறுத்தவில்லை. பின்னால் எத்தனையோ நாள் இதை நினைத்துப் பொருமினாள்.

மகள் வேறு வேறாக எழுதிப் பார்த்தாள். மரம் நட்டதை எழுதினாள். கணக்குப் போட்டியில் தோற்றதை எழுதினாள். பக்கத்து வீட்டு நாயை எழுதினாள். எல்லாம் சரியாக இருந்தன, ஒன்றிலும் உயிரில்லை. எழுதுகிறவளுக்கே அது தெரிந்தது. அனுப்புவதற்கு முந்தைய நாள், துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்த தாயின் முன்னால் வந்து நின்றாள்.

“அம்மா, எனக்கு அது ஒண்ணுதான் வருது. நீ வேண்டாம்னா அனுப்பல. சொல்லு.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். மகளின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயால் சொல்ல முடியும்? தன்னை ஒரு மூலையில் தள்ளி நிறுத்திக் கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. கேட்டாள் என்ற பெயர் மகளுக்கு, மறுத்தாள் என்ற பழி தனக்கு.

“அழுதேன்னு இருக்குல்ல, அந்த வரிய எடுத்துடு” என்றாள்.

“எடுத்துடுறேன்.”

“ஆவி பிடிச்சதையும் எழுத வேண்டாம்.”

மகள் சிரித்துவிட்டாள். தாய் சிரிக்கவில்லை.

மகளுக்கு இடம் கிடைத்தது. மகனுக்குக் கிடைக்கவில்லை.

ஒரே நாளில் ஒரே வீட்டில் இரண்டு செய்தி. யாரைப் பார்த்துச் சிரிப்பது, யாரைப் பார்த்து முகத்தைத் தொங்கப்போடுவது என்று தெரியாமல் புருஷன் இரண்டு அறைகளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். இன்ஷூரன்ஸ் தம்பி போன் செய்து, நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். மகன் அக்காவிடம் போய்க் கை குலுக்கினான், அன்றைக்கு ஒரு காரியமும் இல்லாமலே அவளை அக்கா என்று கூப்பிட்டான். பிறகு மொட்டை மாடிக்குப் போனவன் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை இறங்கவில்லை. அவன் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தான்.

மகளைக் கொண்டுபோய் விட நால்வரும் போனார்கள். பெரிய வாசல், வெட்டிவிட்ட புல், எங்கே பார்த்தாலும் அம்புக்குறி. புதிதாகச் சேர்கிறவர்களின் குடும்பங்களை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். சேர்க்கைப் பிரிவு அதிகாரி என்று ஓர் அம்மாள் மேசை மேசையாக வந்தார். மகளின் பெயர் அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நேராகத் தாயிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, காது கேளாதவரிடம் பேசுவது போலப் பேசினார்.

“நீங்க… தான்… அந்த அம்மாவா? உங்க கண்ணீரப் பத்திப் படிச்சப்போ எங்க குழுவே அழுதுடுச்சு.”

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

மண்டபத்தில் சத்தம். நீண்ட பயணம் வேறு. குரல் பாதிதான் இருந்தது. இருந்ததை எல்லாம் திரட்டிச் சொன்னாள். “நான் ஒரு நாளும் அழலைங்க. தொண்டை வலிச்சுது. அவ்வளவுதான்.”

அதிகாரியின் கண் கலங்கியது. பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினார். பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, பாருங்கள், இன்றைக்கும் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறார்கள், இந்தத் துணிச்சல்தான் அந்தக் கட்டுரை முழுக்க இருந்தது என்றார். பக்கத்து மேசையில் ஒருவர் மெதுவாகக் கைதட்டினார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அவளுடைய புருஷன் வெட்கத்தோடு எழுந்து நின்று வணங்கினார். உண்மையைச் சொன்னாலும் கதைக்குத்தான் போய்ச் சேருகிறது என்றால் ஒரு மனுஷி வேறு என்னதான் சொல்வது? அவள் தேநீரைக் குடித்தாள். ஆறிப் போயிருந்தது.

விடுதி அறையில் படுக்கை விரித்துக் கொடுக்கும்போது மகள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

“எடுத்துட்டேன்மா. அழுததுன்னு ஒரு வார்த்தை இல்ல அதுல. அவங்களாவே நெனச்சுக்கிட்டாங்க.”

பொய் சொன்னால் மகளின் குரல் ஒரு படி மேலே ஏறும். குரல் விஷயத்தில் தாய் ஏமாறுகிறவள் இல்லை. இப்போது ஏறவில்லை.

“கோவமா?” என்றாள் மகள்.

“ஆமா.”

“என் மேலயா?”

அவள் விரிப்பின் நுனியை மெத்தைக்கு அடியில் செருகினாள். யார் மேல் என்று யோசித்துப் பார்த்தாள். மகள் மேல் என்றால் அவள் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினாள். ஆசிரியை நல்லது நினைத்துத்தான் சொன்னார். இந்த அதிகாரி அம்மாளும் நெஞ்சு நிறையத்தான் கையைப் பிடித்தார். எல்லோரும் நல்லவர்கள். கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

“தலகாணிக்கு உறை கொண்டு வந்தியா இல்லையா?” என்று கேட்டாள்.

அடுத்த வருடம் மகன் மறுபடி விண்ணப்பித்தான். அம்மாவைக் கேட்காமலே அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு, ஊன்றுகோல் கட்டுரையைத் தெரியவில்லை என்ற இடத்தோடு நிறுத்தி அனுப்பினான். அப்போதும் கிடைக்கவில்லை. ஏன் என்று அவர்கள் சொல்வதில்லை. அவன் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை, உள்ளூர்க் கல்லூரியில் அவனுக்கு நண்பர்கள் சேர்ந்திருந்தார்கள். அலட்டிக்கொண்டது அவள்தான். ஒரு வாரம் பாத்திரங்கள் அலமாரியில் சத்தத்தோடு உட்கார்ந்தன.

“இந்தத் தடவ அவங்க வேண்டாம்னு சொன்னது அவன் எழுதினத. போன தடவ அது கூட இல்ல, டீச்சர் சொன்ன பத்தியும் சேர்ந்துல்ல போச்சு” என்றாள் புருஷனிடம்.

அதில் என்ன ஆறுதல் என்று அவர் கேட்டார்.

“ஆறுதலுக்கு யாரு சொன்னா? எரிச்சல்ல சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.